விரல் வைத்து வாசித்தவர்கள்

எங்கள் ஊர் நூலகத்துக்குத் தினமும் வந்து கையெழுத்துப் போட்டவர்கள் நாலே பேர். அதில் இருவர் பேப்பரில் ராசிபலன் மட்டும் பார்ப்பவர்கள். மூன்றாமவர் ஃபேன் காற்றுக்காக வருபவர். நாலாவது ஆள் நான், பேச்சிமுத்து. முப்பத்தோரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் ஒருவன்தான் ஒழுங்கான வாசகன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் பகலில் வீட்டில் இருந்தால் சண்டை வரும் என்றுதான் நானும் போனேன். நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு நூலகம் நடக்குமா? நடக்கவில்லை. அது போனது போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது ஸ்வீட்லினைப் பற்றி.

ஸ்வீட்லின் அங்கே நூலகர். என் மகள் வயது என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் டவுன் பஸ் மாறி, சேத்தூருக்கு முன்னால் இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்து வருவாள். தற்காலிக வேலை என்று சொல்லிச் சேர்த்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது பதினாறு வயது. தண்ணீர் டேங்கை ஒட்டி ஒரே அறை, நாலு பீரோ, இரண்டு பெஞ்சு, ஒரு மேசை. மேசையில் வருகைப் பதிவேடு. அதில் ஒரு பேனா நூலில் கட்டிக் கிடக்கும். எங்கள் ஊரில் பேனாவைக் கட்டிப் போடாவிட்டால் அது நடந்து போய்விடும்.

பதிவேடு மேசையை விட்டு நகராது. பிரதானச் சாட்சி அதுதான். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வந்ததாகக் கணக்கு. போடாதவர் வரவே இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் வெயில் கொளுத்தியது. பேண்டேஜ் கம்பெனியில் காலை ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள், பால்வாடியில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு நூலகச் சுவரின் நிழலில் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து புத்தகத்தைத் தொட ஆரம்பித்தன. தாய்மார்கள் வாசலில் நின்று அதட்டினார்கள்.

"நீங்களும் உள்ள வாங்க," என்றாள் ஸ்வீட்லின்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்," என்றாள் முன்னால் நின்ற பெண். பெயர் வேலுத்தாய். சின்ன வயதில் செங்கல் சூளை செங்கல் சூளையாகப் பெற்றோரோடு அலைந்தவள், பள்ளிக்கூடம் எந்த ஊரிலும் ஒட்டவில்லை.

"படம் பாக்கத் தெரியும்லா? அது போதும்."

ஸ்வீட்லினின் அப்பா வேதசிரோமணி ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபையில் உபதேசியார். ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய படச்சுருளை விரித்து வைத்துக்கொண்டு கதை சொல்வாராம். சுருளில் எழுத்தே கிடையாது. அந்த வித்தையைத்தான் மகள் இங்கே எடுத்தாள். பிள்ளையை மடியில் வைக்க வேண்டும். புத்தகத்தைப் பிள்ளைக்கு முன்னால் பிரிக்க வேண்டும். படத்தைப் பார்த்துத் தோன்றுகிற கதையைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது விரலை வரிக்குக் கீழே, இடமிருந்து வலமாக, மெதுவாக நகர்த்த வேண்டும். எழுத்து என்பது இப்படிப் போகும் என்று பிள்ளையின் கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு பள்ளிக்கூடத்தில் பாதி வேலை மிச்சம். இதுதான் அவள் சொன்னது.

நான் நம்பவில்லை. ஆனால் ஐந்தாறு சனிக்கிழமைக்குள் பதினோரு தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். அதில் நாலு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஏழு பேருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தால் யார் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க முடியாது. தெரியாதவர்கள் சொன்ன கதைதான் நன்றாக இருக்கும், ஏனென்றால் தெரிந்தவர்கள் அச்சில் இருப்பதோடு நிறுத்திவிடுவார்கள். வேலுத்தாயின் மகள் சத்யப்பிரியாவுக்கு யானைப் புத்தகம்தான் வேண்டும். அந்த யானை ஒரு வாரம் ராஜபாளையம் மார்க்கெட்டுக்குப் போய் மாம்பழம் தின்னும். அடுத்த வாரம் மலையடிவாரத்து ஆற்றில் குளிக்கும்.

"போன வாரம் வேற மாதிரி இருந்துச்சே," என்று பிள்ளை ஒருநாள் கேட்டது.

"அது போன வாரம். இந்த வாரமும் அங்கனயே கெடக்க யானைக்கு என்ன கிறுக்கா?" என்றாள் வேலுத்தாய். விரல் மட்டும் வரி பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பிள்ளைகள் தங்கள் தாய் வாசிப்பதாகவே நம்பின. சத்யப்பிரியா தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம், "எங்கம்மா இன்னைக்கு ரெண்டு புஸ்தகம் வாசிச்சா," என்று சொல்லும். அப்போது வேலுத்தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போர்டைப் பார்க்கத் தெரியாமல், "அண்ணே, இது எந்த பஸ்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிற பெண்களை நான் முப்பத்தோரு வருடம் பார்த்தவன். எரிச்சலோடு பதில் சொல்லியும் இருக்கிறேன். வேலுத்தாயின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அதற்காக வெட்கப்பட்டேன்.

தொல்லை பதிவேட்டில் இருந்தது. முதல் வாரமே ஸ்வீட்லின் பேனாவை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. மைப்பெட்டி ஒன்று பீரோவில் இருந்தது, அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இப்போதுதான் வாசித்து முடித்த தாய், அதே பிள்ளை பார்க்கப் பெருவிரலை உருட்டுவதா? எழுதத் தெரிந்த நாலு பேரும் கையெழுத்துப் போடவில்லை. நாலு பேர் போட்டால் மீதி ஏழு பேர் யார் என்று தெரிந்துவிடும். ஒருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அப்படியே நடந்தது. சனிக்கிழமைதோறும் இருபத்தைந்து ஜீவன்கள் இரைந்துகொண்டிருந்த அறைக்கு, பதிவேட்டின்படி நாலு பேர்தான் வந்தோம்.

"நான் பத்துப் பேரு கையெழுத்தப் போட்டுட்டுப் போறேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"பொய்க் கையெழுத்து வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். உபதேசியார் வளர்த்த பிள்ளை, வேறென்ன சொல்லும்.

பெயரெழுதக் கற்றுக்கொடுக்கவும் பார்த்தாள். பிள்ளைகள் இருக்கும்போது சிலேட்டைத் தொட முடியாது, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஷிப்ட். "பொறவு பாப்போம் டீச்சர்" என்றே வருடங்கள் போயின. வேலுத்தாய் மட்டும் வேலைக்குப் போகிற வழியில் கால் மணி நேரம் நின்று 'வே' பழகினாள், பிறகு 'லு' பழகினாள். அதற்குள் கம்பெனியில் ஷிப்ட்டை மாற்றிவிட்டார்கள். பாதிப் பெயரோடு நின்றுபோனது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், வாசகர் வருகை குறைந்த நூலகங்களைப் பக்கத்து நூலகத்தோடு இணைக்கப் போவதாகத் தாக்கீது வந்தது. முதலில் ஒரு அதிகாரி வந்து நேரில் பார்ப்பார். ஸ்வீட்லின் அவரைச் சனிக்கிழமை வரும்படி கேட்டுக்கொண்டாள். கண்ணால் பார்த்தால் நூலகத்தை மூட விடமாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை.

வந்தவர் கெட்ட மனுசன் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பதினோரு தாய்மார்கள், மடியில் பிள்ளைகள், எல்லா விரலும் வரிக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் செல்போனில் நாலைந்து போட்டோ எடுத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா, இதை மேல எழுதுறேன்," என்றார். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அவர் பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக எங்கள் நாலு பேரின் கையெழுத்து.

"பரவாயில்ல, இன்னைக்குத் தேதியில இருந்து ஆரம்பிச்சிருவோம். எல்லாரும் வரிசையா வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்கம்மா," என்றார் சிரித்தபடி.

ஒருத்தி எழுந்து, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். இன்னொருத்திக்குத் தண்ணீர் வருகிற நேரமாம். டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, அன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாளே இல்லை. புத்தகங்களைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதினோரு பேரும் வெளியேறினார்கள். அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

"ஆளு கூட்டி வச்சிருந்தீங்களாம்மா?" என்றார்.

ஸ்வீட்லின் வாயைத் திறக்கவில்லை. புத்தகங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவர் காருக்குப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடி, ஏழு பேருக்கு எழுதத் தெரியாது, பிள்ளைகள் முன்னால் கைநாட்டு வைக்கக் கூசுகிறார்கள் என்று போட்டு உடைத்தேன்.

அவர் கார்க் கதவிலிருந்து கையை எடுத்தார். "ரேகை வச்சாலும் எனக்குப் போதும்யா. வந்தாங்கங்கிறதுக்கு ஒரு அடையாளம் வேணும். கூப்பிட்டு வாங்க, பத்து நிமிசம் நிக்கிறேன்."

நான் போன வேகத்துக்குச் செருப்பு ஒன்று அறுந்துபோனது. தெருமுனையில் வேலுத்தாயைப் பிடித்தேன். மற்றவர்களும் அங்கேதான் நின்றார்கள்.

"பிள்ளைகள இங்கனயே விட்டுட்டு வாங்க. அதுக பாக்காது. விரல உருட்டிட்டு வந்துருங்க. லைப்ரரி நிக்கணுமா வேண்டாமா?"

"விரல்ல மை ரெண்டு நாளைக்குப் போகாது அண்ணாச்சி," என்றாள் வேலுத்தாய். "என்னன்னு மக கேப்பா. கேக்கதுதான அவளுக்கு வேல."

"ஒனக்கு என்னட்டி, நீ ரெண்டு எழுத்துப் போடுவியே. வேலுன்னு போடு, போதும்."

அவள் எழுதத் தெரியாத மற்ற ஆறு பேரையும் பார்த்தாள். "நான் மட்டும் போட்டா இவளுக மொகத்துல எப்படி முழிக்க? வேண்டாம் அண்ணாச்சி. லைப்ரரி போனா நாளைக்கு இன்னொன்னு வரும். பிள்ளைக்கு முன்னால மானம் போனா வருமா?" இதைச் சொல்லும்போது சத்யப்பிரியாவின் காதைத் தன் தோளோடு அழுத்திப் பொத்தியிருந்தாள்.

நான் திரும்பி வந்து, வரமாட்டார்கள் என்று அதிகாரியிடம் தலையை ஆட்டினேன். கார் போய்விட்டது.

இரண்டு மாதத்தில் ஒரு மினி வேன் வந்தது. நாலு பீரோவும் ஏறின. கதைப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் போட்டார்கள். பேப்பர் படிக்க வேண்டுமானால் இனி சேத்தூருக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். எனக்கென்ன, போகலாம். தாய்மார்கள் போகவில்லை. ஷிப்ட் முடிந்து பிள்ளையோடு பஸ் ஏறிக் கதை சொல்லப் போவதற்கு யாருக்கு முடியும்? அந்த அறையில் இப்போது பஞ்சாயத்துப் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் கிடக்கின்றன.

ஸ்வீட்லினை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு நூலகத்துக்கு மாற்றினார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டி எண் எழுதுகிற வேலை. குழந்தைகள் பக்கம் அவளுக்கு ஜோலி இல்லை. நான் அவளைப் பார்க்கப் போகவே இல்லை. அன்றைக்குக் காருக்கு ஓடி அவர்கள் மறைத்ததை ஒரு வேற்று ஆளிடம் சொன்னவன் நான், சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி உறுத்திக்கொண்டே இருந்தது.

போன ஆடியில் கண் பரிசோதனைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியிருந்தது. ராஜபாளையம் வரை போகிற டவுன் பஸ்ஸில் வேலுத்தாய் பக்கத்து சீட்டில் இருந்தாள். சத்யப்பிரியா இப்போது இரண்டாம் வகுப்பு.

"நல்லா வாசிக்காளா?" என்று கேட்டேன்.

"அம்புட்டையும் வாசிச்சிருதா அண்ணாச்சி. அதான் வெனை. யானைப் புஸ்தகம் பள்ளிக்கூடத்துலயும் இருக்காம். எடுத்துட்டு வந்து வாசிச்சுக் காட்டுனா. அதுல யானை எங்கயும் போகல. மார்க்கெட்டுக்கும் போகல, ஆத்துக்கும் போகல. ஒரு எலியோட சண்டை போடுது, அம்புட்டுத்தான். நீ ஏம்மா வேற வாசிச்சன்னு கேட்டா. மறந்துருப்பேன்னு சொன்னேன். மறுவாரம் பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். டீச்சரு நோட்ட நீட்டுனாக. பேனாவ வாங்காம நின்னேன். அவுக மைப்பெட்டிய எடுத்து வச்சுட்டாக. இவ பக்கத்துல நிக்கா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. வீடு வரைக்கும் பேசல. அதுக்குப் பொறவு எதையும் வாசின்னு எங்கிட்ட நீட்டுறதே இல்ல." அவள் அழவில்லை. "அன்னைக்கே உருட்டியிருக்கலாம் அண்ணாச்சி. மத்த பிள்ளைகளுக்காவது லைப்ரரி இருந்திருக்கும்."

ராஜபாளையத்தில் அவள் இறங்கிக்கொண்டாள். கண் பரிசோதனை முடிந்ததும் கால் தானாக ஸ்வீட்லினின் நூலகத்துக்குப் போய்விட்டது. பின்கட்டில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தாள். ஊரில் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்தாள். கடைசியாகக் கேட்டாள்.

"வேலுத்தாய் மக எப்படி இருக்கா? அம்மா இப்பவும் வாசிச்சுக் காட்டுதாளா?"

பொய்க் கையெழுத்து வேண்டாம் என்று சொன்னவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "காட்டுதா. பிள்ளைக்கு இன்னமும் அம்மா வாசிச்சாத்தான் தூக்கம் வருதாம்," என்றேன்.

அவள் பசை ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த அறையைப் பூட்டிய நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள் என்று தோன்றியது.

"அது போதும் அண்ணாச்சி. அதுக்காகத்தான் அன்னைக்கு நான் வாயத் தெறக்கல," என்றாள்.