பறந்த துரைகளுக்குப் போட்ட இலை

எனக்கு எழுத்து சரியாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள். ஞாபகமும் முன்னே பின்னே வரும். மருமகள் விடாமல் சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், லயன் வீடுகளுக்கு மேலே வெள்ளைக்காரர்கள் கட்டிய சின்ன சர்ச் ஒன்று இருந்தது. அதன் பின்னால் மூன்று கல்லறைகள். சப்பான்காரன் சண்டையில், மூடுபனியில் மலையில் மோதிய விமானத்தில் செத்தவர்களாம். வெள்ளைக்காரர் எல்லாருமே எங்களுக்குத் துரைதான். ஆகவே இவர்கள் 'பறந்த துரைகள்'. மானேஜர் துரை நடக்கிறவர், இவர்கள் பறக்கிறவர்கள். அதனால் இவர்கள்தான் பெரிய துரைகள் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மாவுக்குக் கால் வீங்கும். சரிவில் ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது. அப்பா போன பிறகு, சர்ச்சையும் கல்லறைகளையும் பெருக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். அது போனால் லயன் வீடும் போய்விடும்.

தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் அப்பாவுக்கு இலை போட்ட கையோடு அம்மா இன்னும் மூன்று இலை நறுக்கினாள்.

"அதுங்களுக்கு இங்க யாரு இருக்கா," என்றாள்.

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வெள்ளக்காரனுக்கு இட்லியும் கோழிக் கொழம்புமா? வயித்தால போகும்லா அண்ணி."

"செத்தவனுக்கு என்னடி வயித்தால போறது?"

இருந்தாலும் அம்மா யோசித்தாள். கடைசியில் ரொட்டி, டின் சார்டின், சீனி போடாத தேத்தண்ணி என்று முடிவானது. துரைமார் சீனி இல்லாமல்தான் குடிப்பார்கள் என்று அத்தை எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள்.

மூன்று சிலுவைக்கும் திருநீறு பூசி, இலை போட்டு, சூடம் கொளுத்தினோம். படைத்ததைப் பிறகு வீட்டு ஆட்கள்தான் சாப்பிட வேண்டும். இவர்களுக்குத்தான் வீட்டு ஆட்கள் யாரும் இல்லையே. அப்படியானால் சார்டின் எனக்குத்தான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது மானேஜர் துரையின் கார் வந்து நின்றது. துரையோடு தலை நரைத்த வெள்ளைக்காரம்மா ஒருவர் இறங்கினார். பின்னால் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. கிராணி எங்கள் ஆள்தான். துரை பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எங்கள் ஆள் இல்லை.

"சிலுவையில துன்னூறு பூசி வெச்சிருக்கியே, மாரியம்மன் கோயில்னு நெனச்சியா? அந்தம்மா யாருன்னு தெரியுமா? நடுக் கல்லறையில இருக்கறவரோட அம்மா. கப்பலேறி வந்திருக்காங்க. ஒன் வேல போச்சுன்னு வெச்சிக்க," என்று கிராணி அம்மா மேல் பாய்ந்தார்.

அம்மா பதறிப்போய் முந்தானையால் திருநீற்றைத் துடைக்கப் போனாள். அந்தம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி ஏதோ கேட்டார்.

"இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க," என்றார் கிராணி.

"பசிக்கும்னு வெச்சேங்க ஐயா. பெத்தவங்க வருவாங்கன்னு தெரியாது. இனி அவங்க சாப்பிட்டாத்தான் புள்ளைக்குப் போய்ச் சேரும்னு சொல்லுங்க."

கிராணி அதை எப்படிச் சொன்னாரோ, நீளமாகச் சொல்லவில்லை. அந்தம்மா நடுக்கல்லின் முன் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்து, சார்டினோடு சாப்பிட்டார். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு அந்தம்மா எழுந்துபோய், மற்ற இரண்டு இலையிலும் ஒவ்வொரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

சார்டின் இனி எனக்கு இல்லை என்று அழுகையே வந்துவிட்டது. இறங்கி வரும்போது, "அவங்க புள்ளைக்கு ஒரு எலதானே? மத்ததையும் ஏம்மா தின்னாங்க?" என்று கேட்டேன். அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்தம்மாவுக்குக் கப்பலில் சரியாகச் சோறு போடவில்லை போலிருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவின் வேலை போகவில்லை. அடுத்த தீபாவளிக்கு முதல் நாள் கிராணியே வீடு தேடி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, துரை வீட்டு வெண்ணெய் டின் ஒன்றைக் கொடுத்தார். "எலைக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் கம்போங் ராஜாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். சோற்றுக்கும் பேச்சுக்கும் குறைவில்லை, முட்டிதான் ஏற விடுவதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, என் ஞாபகம் சரிதானா, கல் மூன்றுதானா என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். நான்கு என்றால், அன்றைக்கு ஒருத்தர் சாப்பிடாமல் இருந்திருப்பார்.