அடுப்பம்மாவின் மைனஸ்

புதுச் சாக்பீஸை எடுத்ததும் அவர் செய்கிற முதல் வேலை, அதை இரண்டாக உடைப்பது. "முழுசா இருந்தா கீச்சுனு கத்தும்" என்பார். பெரிய துண்டு கைக்கு, சின்னது கைப்பைக்கு. அந்தப் பையைத் திறந்தால் சாவி, கண்ணாடி, சில்லறை எல்லாம் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு கிடக்கும்.

இயற்பியல் துறையில் மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அடுப்பம்மா. அது அவர் காதில் விழாமல் இல்லை. பேரண்டம் பிறந்தபோது இருந்த சூட்டில் இயற்கையின் சமச்சீர்மை என்ன ஆகிறது என்று கணக்குப் போடுவது அவர் தொழில். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "நான் ஊரையெல்லாம் குளிர வெச்சுட்டு வீட்டுக்கு வந்தா, இவ பிரபஞ்சத்தையே கொதிக்க வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று அலுத்துக்கொள்வார். அவர் போட்டுத் தருகிற டீயை மட்டும் அம்மணி ஆறி ஆடை கட்டிய பிறகுதான் குடிப்பார்.

அப்படி என்னதான் கணக்கு? ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு விடாது. எல்லாத் திசையும் சமம் என்ற நிலை அதற்குள் முறிந்து கிடக்கிறது. பழுக்கக் காய்ச்சினால் அந்தப் பிடிவாதம் போய், எல்லாத் திசையும் மறுபடி சமமாகிவிடும். சூடேற்றினால் முறிந்த சமச்சீர்மை திரும்பி வரும் என்பதுதான் வழக்கம். அடுப்பம்மாவோ, காந்தப்புலம் போல வெளியெங்கும் பரவியிருக்கும் இரண்டு புலங்களை வைத்துத் தான் கட்டிய கணித மாதிரியில் எவ்வளவு காய்ச்சினாலும் முறிந்தது முறிந்ததுதான் என்று பல வருஷமாக ஒற்றைக் காலில் நின்றார். எல்லாம் ஒரே ஒரு குறியில் இருந்தது. சமன்பாட்டில் வெப்பநிலைக்கு முன்னால் மைனஸ் வந்தால் அவர் சொல்வது சரி. பிளஸ் வந்தால் பழைய வழக்கமே சரி. அவருக்கு மைனஸ் வந்திருந்தது.

எதிர் அறையில் இருக்கும் மூத்த பேராசிரியர் ஒப்பவே இல்லை.

"ஏம்மா, முதல் திருத்தத்தோட நிறுத்திட்டியே. மிச்சத்தையும் கூட்டிப் பாரேன்."

"மிச்சமெல்லாம் தூசு சார்."

தோராய விடையோடு ஒவ்வொன்றாகக் கூட்டவேண்டிய திருத்தங்கள் போகப்போகச் சிறுத்துவிடும் என்று நம்பி முதலாவதோடு நிறுத்திக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். கொதிக்கிற சூட்டில் அவை சிறுப்பதில்லை, எல்லாம் ஒன்றுசேர்ந்துகொள்ளும். இது அவருக்குத் தெரியாததா? தெரியும். மைனஸ் கண்ணை மறைத்துவிட்டது.

கடைசியில் பேராசிரியர் வாயை அடைப்பதற்காகவே உட்கார்ந்து கூட்டினார். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். கணவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். விடை பிளஸ் என்று வந்தது. வேறு வழியில் போட்டுப் பார்த்தார். அப்போதும் பிளஸ்தான். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். மறுநாள் பல்கலைக்கழகத்தில் இதே கணக்கைப் பற்றித்தான் அவர் பேசவேண்டும்.

"உடம்பு சரியில்லன்னு ஃபோன் பண்ணிடட்டுமா?" என்றார் கணவர்.

"எதுக்கு? உடம்பு நல்லாத்தான் இருக்கு. கணக்குதான் சரியில்ல."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. முதல் வரிசையில் எதிர் அறைப் பேராசிரியர். அடுப்பம்மா பலகையில் தன் பழைய சமன்பாட்டை நிதானமாக எழுதினார். "இது நான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தது." பிறகு அந்த மைனஸின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். "இதுதான் சரி. சார் அப்பவே சொன்னாரு, நான் கேக்கல."

பேராசிரியருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "அப்ப அவ்வளவுதானாம்மா?" என்றார் மெதுவாக.

"ரெண்டு புலத்துக்கு அவ்வளவுதான் சார். நிறைய புலத்த சேத்துக்கிட்டா மைனஸ் தாக்குப்பிடிக்கும்னு தோணுது. இந்தத் தடவ எதையும் தூசுன்னு விடமாட்டேன்."

சமன்பாடு முழுவதையும் அழித்தார். பெட்டியிலிருந்து புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, டக்கென்று உடைத்தார்.