எலும்புக்கு நல்லது

“அண்ணே, உங்க வெய்ட் எவ்வளோ?” என்று அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் எலும்பு வார்டு. பந்திங்கில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். விபத்தில் முறிந்த கால் எலும்பில் கிருமி புகுந்து, அறுவைச் சிகிச்சை செய்து சுத்தப்படுத்தியிருந்தார்கள். ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினால் எவ்வளவு கொடுப்பது என்று சர்ஜன் கேட்டார். வார்டுக்குப் பொறுப்பான மருந்தாளர் நான். வழக்கமான ஐந்நூறு மில்லிகிராம், இரண்டு வேளை என்றேன். எனக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னால் மருந்தாளராக வேலைக்கு வந்தவள், ஓரமாக நின்றபடி அவரிடம் எடையைக் கேட்டாள். நூற்றுப் பத்து கிலோ. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, எலும்புக்குள் மருந்து குறைவாகத்தான் போய்ச் சேரும், எழுநூற்றைம்பது வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். சர்ஜன் என் பக்கம் திரும்பாமலே அதை எழுதிக்கொண்டார்.

அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாள். அதன்பிறகு வார்டிலிருந்து போன் வந்தால், நான் எடுத்ததும், “அவங்க இல்லையா?” என்று கேட்பார்கள். அவள் படித்ததைத்தான் நானும் படித்திருந்தேன். எடையைக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது: அந்த அண்ணனின் கால் ஆற வேண்டும் என்று நினைத்ததைவிட, அவள் சொன்ன அளவு தப்பாகப் போக வேண்டும் என்றுதான் அதிகம் நினைத்தேன்.

அண்ணன் மாத்திரையோடு வீடு திரும்பிய மூன்றாவது வாரம் நான் நினைத்தபடியே நடந்தது. அவருடைய ரத்தப் பரிசோதனையில் கிருமித்தொற்றின் அளவு மறுபடி ஏறியிருந்தது. திங்கட்கிழமை பார்த்துவிட்டு மீண்டும் காலைத் திறக்க வேண்டியதுதான் என்றார் சர்ஜன். அவள் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளே இனித்தது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணனின் மனைவி மருந்து வாங்க என் கௌண்டருக்கு வந்தார். பையில் கால்சியம் மாத்திரை டப்பா ஒன்று தெரிந்தது. இது யாருக்கு என்று கேட்டேன்.

“அவருக்குத்தான் மிஸ். எலும்புக்கு நல்லதுன்னு கடையில சொன்னாங்க. மறந்துடக்கூடாதுன்னு இதையும் நீங்க குடுத்த மாத்திரையையும் ஒண்ணா, ஒரு கிளாஸ் பால்ல குடுத்துடறேன்.”

கால்சியமும் பாலும் அந்தக் கிருமிக்கொல்லி மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பில் பாதிகூடச் சேராது. அளவில் பிழையில்லை. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அவள் சொன்னது சரியாகிவிடும். “திங்கட்கிழமை டாக்டர பாருங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் எதிலும் கை ஓடவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாதியில் எழுந்து வெளியே வந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். பாலையும் கால்சியத்தையும் இப்போதைக்கு நிறுத்துங்கள், மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் கொடுங்கள் என்றேன்.

“லீவு நாள்லகூட எங்கள நெனச்சி போன் பண்றீங்களே மிஸ். நீங்க நல்லா இருக்கணும்.”

திங்கட்கிழமை அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்போது தெரிந்தது என்று கேட்டாள். நேற்று என்றேன். அவள் நேராகச் சர்ஜனிடம் போய், “அக்காதான் டாக்டர் கண்டுபுடிச்சாங்க” என்றாள். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போனது. இரண்டு வாரத்தில் கிருமி அடங்கியது. அந்த அண்ணன் மறுபடி லோரி ஓட்டப் போய்விட்டார்.

இப்போது அவள் கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரு பிரிவுக்கே தலைவி. நான் இன்னும் கிள்ளானில், அதே கௌண்டரில். போன மாதம் இளம் மருந்தாளர்களுக்கான பயிற்சி ஒன்றில் பேச வந்தவள், இந்தக் கதையைச் சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவளை நிறுத்தினேன்.

“எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.”

அவள் கார் கதவைத் திறந்தபடி, “தெரியும்க்கா” என்றாள். “அந்த லோரி அண்ணனோட வொய்ப் அந்தத் திங்கட்கிழமையே சொன்னாங்க, வெள்ளிக்கிழமை நீங்க கேட்டீங்கன்னு. ஆனா போன் பண்ணிட்டீங்கல்ல, விடுங்க லா.”

கார் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நிம்மதி வரவில்லை. இத்தனை வருடம் தெரிந்தும் சொல்லாமல் இருக்க அவளால் முடிந்திருக்கிறதே என்றுதான் நெஞ்சு எரிந்தது.