உட்கார்ந்திருந்த பெண்கள்

அமெரிக்கத் தொழிலாளர் வரலாறு முழுவதையும் நான் பதினெட்டு நிமிடத்தில் தமிழில் சொல்லி முடித்தவள். குரல் என்னுடையது, புத்தி கம்பெனியுடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு சுவிட்சுத் தொழிற்சாலை அது. முதலாளிகள் அமெரிக்காவில் இருந்தார்கள். நாங்கள் பரிசோதனை லைனில் இருந்தோம். லைன் என்றால் ஒரு நீள மேசை. வந்துகொண்டே இருக்கும் சுவிட்சுகளை எடுத்து, இரண்டு தரம் தட்டிப் பார்த்து, கெட்டதைச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். ஷிப்டு முழுக்க நின்றபடி. அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண்கள். ரப்பர் தோட்டங்களில் பிறந்து, தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியதும் டவுனுக்கு வந்தவர்கள். ஸ்டூல் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள் என்று மேனேஜர் பதில் சொன்னார். அதை அவர் சக்கரம் வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, லேசாக ஆடியபடி சொன்னார். அவர் தூங்கவில்லை என்பது உண்மைதான்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். காலையில் லாக்கர் அறையில் இரண்டு காலிலும் துணி சுற்றிக்கொண்டுதான் லைனுக்கு வருவார். மூன்றாம் வருட முடிவில், கேட்டு ஆகாதது யூனியன் வந்தால் ஆகும் என்று கையெழுத்து வாங்க ஆரம்பித்தவரும் அவர்தான். அக்காவுக்குப் புரட்சியெல்லாம் தெரியாது. அவருக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். யூனியன் வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும் அளவுக்கு அந்தக் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன.

உடனே அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் பறந்து வந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, எல்லாரிடமும் கை குலுக்கி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். பதினோரு வருடமாக நின்ற குடும்ப உறுப்பினர்களின் கால்களை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போகும்போது ஒரு வீடியோப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் தொழிற்சங்கங்கள் எப்படிப் பிறந்தன, என்ன செய்தன, இன்று ஏன் தேவையில்லை என்று சொல்லும் படம்.

அதைத் தமிழாக்க எங்கள் மனிதவள அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நம் ஆள்தான். தமிழ் தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டிக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர். நான் பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவள், தீபாவளி விருந்தில் மைக் பிடித்தவள். ஏர்கான் அறை, இரண்டு வாரம், லைனுக்குப் போக வேண்டியதில்லை என்றார். அவர் முடிப்பதற்குள் சரி என்றேன்.

நாற்காலிக்கு ஆசைப்பட்டேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு யூனியன்காரர்களைக் கண்டாலே ஆகாது. பீடோர் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தை விற்றபோது சங்கத் தலைவர் காரில் வந்தார். மாலை போட்டோம். போராடுவோம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். மாலையைக் கார் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு போனவர், நாங்கள் குடியிருந்த லயங்களை இடிக்கும்போது வரவே இல்லை. அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது. வெறுப்பவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா.

படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. சுரங்கத்தில் கரி பூசிய குழந்தைகள். பூட்டிய கதவுகளுக்குள் தீயில் மாட்டி இறந்த தையல்காரிகள். பிறகு வேலை நிறுத்தங்கள். பிறகு வண்ணம் வந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். நேரம் குறைக்கப்பட்டது, குழந்தை உழைப்பு தடை செய்யப்பட்டது, உரிமைகள் வழங்கப்பட்டன. பக்கம் பக்கமாக இப்படியே மொழிபெயர்த்தேன். செயப்பாட்டு வினை என்று பள்ளியில் படித்தது எதற்குப் பயன்படும் என்று அப்போதுதான் விளங்கியது. குறைத்தது யார், யார் கேட்டதால் குறைத்தார்கள் என்று சொல்லாமலே கதையை முடித்துவிடலாம்.

ஓரிடத்தில் சில வருந்தத்தக்க மோதல்கள் என்று வந்தது. எந்த மோதல் என்று போனில் தேடிப் பார்த்தேன். கூலி கேட்டு நின்றவர்களைச் சுட்டிருக்கிறார்கள். கூடாரத்தில் பெண்டு பிள்ளைகளோடு இருந்தவர்களைக் கொளுத்தியிருக்கிறார்கள். படித்துவிட்டு, சில வருந்தத்தக்க மோதல்கள் நிகழ்ந்தன என்று தெளிவான உச்சரிப்பில் பதிவு செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

காலை ஷிப்டுக்குக் கேண்டீனில் படம் போட்டார்கள். சாப்பிட மீ கோரேங் நூடுல்ஸும் கொடுத்தார்கள். அந்தத் தையல்காரிகள் வேலை செய்யும் பழைய புகைப்படம் திரையில் வந்து நின்றது. ஒரு நீளக் கூடம், வரிசையாக மெஷின்கள், குனிந்த தலைகள். அந்த இருண்ட காலத்தைப் பாருங்கள் என்று என் குரல் உருகியது. அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் நின்ற மனிதவள அதிகாரியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"சார், அவங்கல்லாம் உக்காந்துகிட்டுத்தானே இருக்காங்க."

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஆமாம், உட்கார்ந்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாகிறது, கதவைப் பூட்டி வேலை வாங்கிய கொடுமைக்காரன்கூட ஆளுக்கொரு நாற்காலி போட்டிருந்தான். இரண்டு வாரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. நானும் உட்கார்ந்துதானே பார்த்தேன்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து, அது தையல் மெஷின், நின்றுகொண்டு மிதிக்க முடியாது, அதனால்தான் என்று விளக்கினேன்.

"அப்ப நம்ம மேசைய கொஞ்சம் கீழ எறக்கிட்டா போதும்லா," என்றார் அக்கா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதிகாரியின் காது சிவந்துவிட்டது. மதிய ஷிப்டுக்குள் அந்தப் புகைப்படத்தை எடுத்துவிடும்படி சொன்னார். அந்த இடத்தில் வேறு ஏதாவது படம் போட்டுக்கொள்ளலாம், பேச்சை மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னார். நானாகத்தான் மாற்றினேன். இத்தனை பேர் முன்னால் என் வேலையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டாரே என்று அக்காவின் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அறைக்குப் போய் ஒரு வரியைப் புதிதாக எழுதிப் பதிவு செய்தேன்: அன்றைய பெண்களுக்கு உட்காரக்கூட ஓர் இருக்கை கிடையாது.

யாரும் கேட்காமல் நான் சொன்ன பொய் அது. கருகிச் செத்த பெண்களின் நாற்காலிகளை ஈப்போவில் ஏர்கானில் உட்கார்ந்துகொண்டு உருவி எடுத்தேன். கேட்டுவிட்டு அதிகாரி சூப்பர் என்றார். எனக்கு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

ஆனால் கம்பெனி ஒன்றை மறந்துவிட்டது. காலை ஷிப்டை ஏற்றிப்போக வரும் பஸ்ஸில்தான் மதிய ஷிப்டு வந்து இறங்கும். ஒரு கூட்டம் இறங்கி மறு கூட்டம் ஏறும் அந்த ஐந்து நிமிடத்தில், வாசலிலேயே முழுக்கதையும் கை மாறிவிட்டது. மதியம் என் புது வரி ஒலித்தபோது பின் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் கேண்டீன் முழுக்கச் சிரித்தது. படம் முடியும்வரை நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அதே கேண்டீனில் தொழிலாளர் துறை அதிகாரிகள் வாக்குப் பெட்டி வைத்தார்கள். என் பெயர் இன்னும் லைன் பட்டியலில் இருந்ததால் எனக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. யூனியன் வேண்டும் என்று குறியிட்டேன். ஏதோ பெரிய வீரம் செய்துவிட்டதுபோல அதை நான்காக மடித்தேன். யாரும் பார்க்காத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான்.

யூனியன் ஜெயித்தது. ஸ்டூல் வர இன்னும் ஏழு மாதம் ஆனது. கம்பெனி வக்கீல் வைத்தது, கடிதம் எழுதியது, சுற்றி வளைத்தது. லைன் பெண்கள் ஓவர்டைம் செய்ய மாட்டோம் என்று மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் ஏர்கான் அறையில் இருந்தேன். பயிற்சிப் பிரிவிலேயே எனக்கு நிரந்தரமாக வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

ஸ்டூல்கள் வந்த அன்று வேடிக்கை பார்க்க லைனுக்குப் போனேன். மேசையைக் கீழே இறக்கியிருந்தார்கள். அக்கா உட்கார்ந்து சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்தார். காலில் துணி இருந்தது, ஆனால் தளர்வாகச் சுற்றியிருந்தது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு என்றார். அதோடு வந்திருக்கலாம். எனக்குத்தான் மனசு அரித்தது. குனிந்து, நானும் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் அக்கா என்று மெதுவாகச் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த சுவிட்சை இரண்டு தரம் தட்டிப் பார்த்து, நல்லது பக்கம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"இருக்கும்லா. ஓட்டு போட்டது யாருக்கும் தெரியாது. ஒன் கொரலு எல்லாருக்கும் தெரியும்."