கவிழ்த்து வைத்த பவுண்

எனக்குப் பேசிய கலியாணம் குழம்பியதற்குக் காரணம் ரஷ்யாவும் ஜெர்மனியும். சாதகம் பொருந்தியிருந்தது. சீதனப் பேச்சு ஒரே நாளில் முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு என்னையும் எனக்கு மாப்பிள்ளையையும் பிடித்திருந்தது. தடங்கல் முழுவதும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகளுக்கு இதைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பூகோளம் படிப்பிக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான கேடு வராது.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கால்வாய்க்குக் கிட்ட. அப்பா ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். பகலில் அச்சுப்பிழைகளையும் பின்னேரத்தில் உலகத்தையும் திருத்துவார். அவர் சிவப்புக்காரர். ரஷ்யாவில் எத்தனை உழவு யந்திரங்கள் ஓடுகின்றன என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டில் அரிசி முடிந்துவிட்டது என்பதை மட்டும் அம்மா மூன்று தரம் சொல்லவேண்டும். ஜெர்மன்காரன் செக்கோஸ்லோவாக்கியாவில் கைவைத்த வருஷம், தன்னிடம் இருந்த நல்ல ஜெர்மன் சவரக்கத்தியைக் கொண்டுபோய்க் கால்வாயில் எறிந்தார். அன்றிலிருந்து உள்ளூர்க் கத்தியால் சவரம் செய்து, நாடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். ஜெர்மனிக்கு அதனால் என்ன நட்டம் வந்தது என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீடு கொட்டாஞ்சேனையில். மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கொட்டாஞ்சேனையார் என்றே எங்கள் வீட்டில் சொல்லுவோம். துறைமுகத்தில் தலைமைக் கிளாக்கர். இங்கிலாந்து ராசாவின் பிறந்தநாள் ஒவ்வொன்றிலும் அரசாங்கம் கொடுக்கும் முதலியார் பட்டம் தனக்கு வரும் என்று எதிர்பார்த்து, வராததால் அடுத்த பிறந்தநாளை எதிர்பார்ப்பவர். இங்கிலாந்துப் பிரதமர் குடையும் கையுமாக ஜெர்மனிக்குப் போய்ச் சமாதானம் வாங்கிக்கொண்டு வந்தபோது, இவரும் அதே மாதிரி ஒரு கறுப்புக் குடை வாங்கினார். மழையோ வெயிலோ, அதை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்தச் சமாதானம் பழுதாகிப்போன பிறகும் குடையை விடவில்லை.

இப்படிப்பட்ட இரண்டு பேர் எப்படிச் சம்பந்தம் பேசினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்தொன்பதாம் ஆண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்து ரஷ்யாவோடு கூட்டுச் சேரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. "எப்பிடியும் அவங்கள் எங்கட பக்கம்தான் வரப்போறாங்கள்" என்று கொட்டாஞ்சேனையார் மனதைத் தேற்றிக்கொண்டார். "எப்பிடியும் இவங்களுக்கு எங்களை விட்டா வழியில்லை" என்று அப்பாவும் தேற்றிக்கொண்டார். என் கலியாணம் அந்த இரண்டு நினைப்புகளுக்கும் நடுவில் கிடைத்த ஒரு சின்ன இடைவெளியில் நுழைந்தது.

தூது போனவர் இரண்டு வீட்டாருக்கும் தூரத்து உறவான ஒரு மாமா. ரயிலில் வந்தால் வேட்டியில் கரி படும், பஸ்ஸில் வந்தால் மரியாதை போய்விடும் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு றிக்ஷோவில்தான் வருவார். வந்து சேரும்போது, அவர் கொண்டுவந்த பதிலுக்குரிய கேள்வியை அப்பா மாற்றியிருப்பார். மாமா வடையும் தேத்தண்ணியும் முடித்து, வாயைத் துடைத்து, "நான் கேட்டுச் சொல்லுறன்" என்று எழும்புவார். எதற்கும் ஓம் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை. அந்த நாட்களில்தான் இங்கிலாந்தும் பிரான்ஸும் மொஸ்கோவுக்குத் தூதுக்குழு அனுப்பின. அவர்களும் ஆகாயவிமானம் இருக்கத்தக்கதாக ஒரு மெதுவான கப்பலில்தான் போனார்கள். போய் இறங்கினதும், கையெழுத்துப் போட அதிகாரம் கொண்டுவந்தீர்களா என்று ரஷ்யாக்காரர் கேட்டார்களாம். கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். எங்கள் மாமாவை அவர்கள் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவரிடம் படித்தவர்கள் போலவே நடந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளை ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் ஐரோப்பாவின் டான்சிக் துறைமுகம் யாருக்குச் சொந்தம் என்று வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்ததால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் என் தேசப்படப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. அவர் குனிந்து, விரலால் ஒவ்வொரு துறைமுகமாகத் தொட்டார்.

"இதெல்லாம் நான் நாளாந்தம் கடுதாசியில எழுதிற இடங்கள். ஒண்டையும் பார்த்ததில்லை" என்றார்.

"நானும் இதுகளைத்தான் படிப்பிக்கிறன், ஒண்டையும் பார்த்ததில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். பெருமை பேசாத ஆம்பிளை ஒருவரை எங்கள் வீட்டு விறாந்தையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆவணியில் பொன்னுருக்கலுக்கு நாள் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாலி கடையில் வாங்குவதில்லை. நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பகுதிப் பெரியவர்களுக்கும் முன்னால் நகை செய்யும் பத்தர் ஒரு பவுண் காசை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. பொன் உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். மணப்பெண் அங்கே போகக்கூடாது.

பொன்னுருக்கலுக்கு இரண்டொரு நாள் இருக்கையில் பத்திரிகையில் செய்தி வந்தது. ரஷ்யாவும் ஜெர்மனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்பா அந்தப் பக்கத்தைப் பிழை திருத்துவதுபோல் நாலு தரம் வாசித்தார். பிறகு, "அது ஒரு தந்திரம்" என்றார். அம்மா, "அப்ப அந்தச் சவரக்கத்தி?" என்று கேட்டார். அன்று முழுக்க அப்பா கால்வாய்ப் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா றிக்ஷோவில் இரண்டு தரம் ஓடித்திரிந்து ஒரு உடன்படிக்கை செய்தார். பொன்னுருக்கல் வீட்டில் ஒருவரும் ஐரோப்பாவைப் பற்றிக் கதைக்கக் கூடாது. அப்பா சிவப்புச் சால்வை போடக்கூடாது. கொட்டாஞ்சேனையார் வீட்டு மண்டபத்தில் ராசாவின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதற்கு எதிரே உட்கார அப்பா மறுத்தார். அதற்கு முதுகைக் காட்டி உட்காரக் கொட்டாஞ்சேனையார் விடவில்லை. ஈற்றில் அப்பா படத்துக்குப் பக்கவாட்டில், சுவரைப் பார்த்தபடி உட்காருவது என்று முடிவானது. இரண்டு பகுதியும் இதைத் தங்கள் வெற்றி என்றே சொல்லிக்கொண்டன.

அன்று அங்கே நடந்ததைச் சின்னம்மாதான் எனக்குச் சொன்னார். அவர் எதையும் கூட்டிச் சொல்பவர் அல்ல, கூட்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பத்தர் நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, சிரட்டைக்கரியை மூட்டி, சின்ன மண் கிண்ணத்தை அதில் வைத்து, குழலால் ஊதிக்கொண்டிருந்தார். வெற்றிலை, மஞ்சள், பூ, நடுவில் பவுண் காசு வைத்த தட்டு பெரியவர்களிடம் வரிசையாகப் போனது. ஒவ்வொருவரும் காசைத் தொட்டு ஆசீர்வதித்து அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். காசின் ஒரு பக்கம் ராசாவின் தலை. மற்றப் பக்கம் ஒரு குதிரை வீரன் ஏதோ ஒரு பிராணியைக் குத்துகிறான். தலை மேலே இருந்தது.

தட்டு அப்பாவிடம் வந்தது. அப்பா காசைக் கவிழ்த்து வைத்து, குதிரைக்காரனைத் தொட்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்தார். உடன்படிக்கையில் இதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையார் காசை நிமிர்த்தி வைத்தார். "ராசாவைக் கவிட்டு வைக்கிறது எங்கட வீட்டில வழக்கமில்லை" என்றார்.

"ராசாவைத் தொட்டுக் கும்பிடுறது எங்கட வீட்டில வழக்கமில்லை" என்று அப்பா திரும்பவும் கவிழ்த்தார்.

இவர் நிமிர்த்த, அவர் கவிழ்க்க, பத்தர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நல்ல நேரம் போகுது, ஐயா" என்றார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார்கள். மாமா, "ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அப்படிச் சொன்னார்.

அப்போதுதான் அப்பா உடன்படிக்கையை மீறினார். "உருக்கத்தானே போறியள்! எந்தப் பக்கம் இருந்தா என்ன? இண்டைக்கு இந்தத் தலை உருகும், நாளைக்கு உங்கட சாம்ராச்சியமும் உருகும்."

கொட்டாஞ்சேனையார் காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டு எழும்பிவிட்டார். "ஜெர்மன்காரனோட கூட்டுச் சேர்ந்தவன்ர வீட்டில எனக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்றார். ராசாவின் தலையைத் தன் கையாலேயே நெருப்பில் போடக் கொண்டுவந்த மனிதர் அவர். உருக்குவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கவிழ்ப்பதில்தான்.

"அவர் என்ன செய்தவர்?" என்று சின்னம்மாவிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளையோ? நெருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்."

அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஜெர்மன்காரன் போலந்துக்குள் நுழைந்தான். சண்டை தொடங்கினால் ஒவ்வொரு அரசாங்கமும் தன் பக்க நியாயத்தைப் புத்தகமாகப் போடும் அல்லவா? இவர்களும் போட்டார்கள். காசு தானாகவே கவிழ்ந்தது என்று அப்பா சொந்தக்காரருக்கெல்லாம் கடிதம் எழுதினார். அப்பா காசில் துப்பினார் என்று கொட்டாஞ்சேனையார் எழுதினார். மாமா இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டும் சரி என்று வீடு வீடாகச் சாப்பிட்டுத் திரிந்தார். போலந்தைக் கேட்டா யாரும் ஒப்பந்தம் செய்தார்கள், என்னைக் கேட்க? ஆனால் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் அழுவேன். வெளியே வந்து வகுப்புக்குப் போவேன்.

இரண்டு வருஷம் போயிற்று. மற்றச் சம்பந்தங்கள் வந்தன, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். அவருக்கும் இரண்டு இடத்தில் பேசிச் சரிவரவில்லை என்று சின்னம்மா சொன்னார். எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். அந்த இரண்டு வருஷமும் அப்பா, "இது முதலாளிகளின்ர சண்டை, எங்களுக்கு அலுவல் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாம் ஆண்டு ஆனியில் ஜெர்மன்காரன் ரஷ்யாவுக்குள் புகுந்தான். அடுத்த நாள் காலை அப்பாவுக்கு அது மக்களின் யுத்தமாகிவிட்டது.

"நேத்தையான் சண்டையும் இண்டையான் சண்டையும் ஒரே சண்டைதானே?" என்று அம்மா கேட்டார்.

"உனக்கு விளங்காது" என்றார் அப்பா. அம்மாவுக்கு விளங்கியது என்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

அந்தக் கிழமையே கொட்டாஞ்சேனையார் குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருடைய ராசாவும் அப்பாவின் ரஷ்யாவும் இப்போது ஒரு பக்கம். இருவரும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "நாங்கள் அண்டைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டிட்டம்" என்று ஆளையாள் மன்னித்தார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள், ஆடி பிறக்க முன்னம் பொன்னுருக்குவது என்று தீர்மானமாகிவிட்டது. அதே பவுண்தான். காசைத் தட்டில் விளிம்பில் நிறுத்தி வைக்கலாமா என்றுகூட யோசித்தார்கள், அது நிற்காது என்று அம்மா சொன்னார்.

நான் அவரோடு கதைக்கவேண்டும் என்றேன். இந்த முறை இரண்டு வல்லரசுகளும் நல்ல மனநிலையில் இருந்ததால் அனுமதி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரயிலில் வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். தேசப்படப் புத்தகத்தை நான்தான் விரித்து வைத்திருந்தேன். அவர் விரல் பழையபடி துறைமுகங்களில் போய் நின்றது. அந்த விரலைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. கேட்க நினைத்ததை அதற்குமுன் கேட்டுவிடவேண்டும் என்று கேட்டேன்.

"நாளைக்கு இங்கிலாந்தும் ரஷ்யாவும் திரும்பச் சண்டை பிடிச்சா, நீங்கள் என்ன செய்வியள்?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மரியாதையை இன்றைக்கும் கொடுக்கிறேன். நன்றாக யோசித்தார். பிறகு சொன்னார்:

"அப்பாவைக் கேட்டுத்தான் சொல்லவேணும்."

நான் புத்தகத்தை மூடினேன். அவர் போன பிறகு, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். அப்பா திகைத்துப்போனார். "ஏன் பிள்ளை, இப்ப சமாதானம்தானே!"

"நீங்கள் ரெண்டு பேரும்தானே சண்டை பிடிச்சனீங்கள். நீங்கள் ரெண்டு பேரும் சமாதானமா இருங்கோ" என்றேன்.

ஆடி கழிந்து, ஆவணியில், அந்தப் பவுண் வேறொரு பெண்ணுக்காக உருகியது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று விசாரித்து வந்து சொல்லச் சின்னம்மா ஆயத்தமாக இருந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகவில்லை, இங்கிலாந்தும் ரஷ்யாவும் முறுகிக்கொண்டன. கொட்டாஞ்சேனையாரும் அப்பாவும் அதே கிழமையில் கதை பேச்சை நிறுத்தினார்கள். அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வகுப்புக்குப் போலந்தின் புது எல்லையை வரைந்துகொண்டிருந்த என்னைப் பெருமையோடு பார்த்தார்.

"உனக்கு அரசியல் பார்வை இருக்குது, பிள்ளை. இது வருமெண்டு தெரிஞ்சுதானே அண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னனீ!"

நான் பழைய எல்லையை அழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இரண்டு வருஷம் அவருக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். இத்தனை தூது போனதில் அதை ஒருவரும் என்னிடம் கேட்டுப் போய் அவரிடம் சொல்லவில்லை.