ஹாரனின் இடது கால்

பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு டிப்போவில் வைத்த பெயர் ‘ஹாரன்’. வண்டி ஹாரன் கெட்டுப்போனாலும் அவர் வாய் போதும் என்பார்கள். ஓய்வு பெற்றபின் அந்த வாய் முழுநேரமும் வீட்டிலேயே இருந்தது. அத்தனையும் மனைவிக்குத்தான்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் நர்ஸ் இறுக்கமான நீளக் காலுறையும் ஊசியுமாக வந்தாள்.

“அசையாம படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சிடும் சார். அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. வயித்துல இந்த ஊசியைப் போட்டுக்கிட்டு, கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

“உடைஞ்சது இடுப்பு. வயித்துல எதுக்குக் குத்துற? வேற இளிச்சவாயனைப் பாரு, போ!”

டாக்டர் எடுத்துச் சொன்னார். அவரிடமும் அதே பாட்டு. மாட்டிவிட்ட காலுறையைக் கழற்றி எறிந்தார்.

மனைவி அதை எடுத்து நீட்டினாள். “மாட்டிக்கங்க. உங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க.”

“நீ யாருடி எனக்குப் புத்தி சொல்ல?”

கையிலிருந்த காபி டம்ளர் பறந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் புடவையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குமேல் அவள் வாயே திறக்கவில்லை.

சில நாட்களில் அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியது. நர்ஸ் காலைக் காட்டச் சொன்னால் போர்வையை விடமாட்டார். தூக்கத்தில் போர்வை விலகியபோது மனைவி பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்தது. அப்போதுதான் அவள் எழுந்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

காலில் உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலை அடைத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைப் பிழைக்கவைக்கப் படாதபாடு பட்டார்கள்.

வார்டுக்குத் திரும்பியதும் முதல் கேள்வி அவளுக்குத்தான். “கால் வீங்கினதைப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“அப்ப ஏன் சொல்லல? நான் செத்துத் தொலையட்டும்னா?”



“அப்படி நினைச்சேனான்னு எனக்கே தெரியல,” என்றாள். “இத்தனை வருஷத்துல நான் சொல்லி நீங்க எதைக் கேட்டீங்க?”

அவர் கத்த வாயெடுத்தார், இருமல்தான் வந்தது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அவள் வரவில்லை. தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். அவர் தம்பிதான் வந்து அழைத்துப் போனார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறார், அவளைத் திட்டிக்கொண்டே. கேட்கத்தான் அங்கே ஆளில்லை.