அப்பாவின் இலையில் வைத்த ரொட்டி

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா வீட்டுக்கு 'வயித்துவலி வீடு' என்று பெயர். யாராவது வந்து கந்தப்பன் வீடு எது என்று கேட்டால் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கை காட்டுவார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கும் அது காதில் விழும். ஆனால் சண்டைக்கு வர மாட்டார்கள். நானாக இருந்தால் வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர்களோ தலையெழுத்து என்று இருந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் வந்த முதல் கோபம் அதுதான்.

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே ஏறி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். கந்தப்பனின் மகள் தனலெட்சுமியும் நானும் ஒரே வயது, ஒரே லயம், ஒரே வகுப்பு. அவள் எட்டாம் வகுப்போடு நின்று கொழுந்து எடுக்கப் போனாள். நான் ஹாலிஎலவில் தொடர்ந்து படித்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேலை கொடுத்த காலத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து தனம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டீச்சரு' என்பாள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

கந்தப்பன் மாமா கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். கத்தி பிடித்தால் தேயிலைச் செடி சீப்பு வைத்து வாரியது போல நிற்கும். ஆனால் உடம்பு கூடு. சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்ளும். பிறகு வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். முகம் வெளுத்து, கால் மெலிந்து, நாற்பது வயதில் அறுபது போல இருந்தார். அவருடைய அக்காவும் அப்படியே கிடந்துதான் போனாளாம். அவர்களுடைய அப்பாவும் அப்படித்தானாம். அது அந்த ரத்தத்தில் ஓடுகிற நோய் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

தோட்டத்து மருந்துக்காரர் சிவப்புத் தண்ணியும் இரத்தம் ஊறுவதற்கு மாத்திரையும் கொடுப்பார். கூடவே பத்தியமும் சொல்வார். சோறு கனம், வயிற்றில் கிடந்து புளிக்கும். ரொட்டியை நன்றாகக் காயச் சுட்டுத் தேயிலைத் தண்ணியில் தொட்டுக் கொடு என்பார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என் அம்மாவும் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் சோற்றை நிறுத்திவிட்டுப் பேக்கரிப் பாண் வாங்கித்தான் கொடுத்தாள்.

எங்கள் அடுப்பில் காலையும் ரொட்டி, இரவும் ரொட்டிதான். தோட்டத்தில் கோதுமை மா கொடுப்பார்கள். மாவைப் பிசைந்து, தேங்காய் இருந்தால் போட்டு, இல்லாவிட்டால் வெறுமனே தட்டிச் சுட்டு, மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு மலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவோம். தனத்தின் அம்மா, லயத்துக்கே பெரியாயி அக்கா, ரொட்டி சுட்டால் வாசனை எங்கள் காம்பரா வரைக்கும் வரும். புருஷனுக்கென்று தனியாக மெல்லியதாகத் தட்டி, கருகாமல் பக்குவமாகச் சுட்டு எடுப்பாள். தான் அரைவயிறு தின்றாலும் அவருக்கு ஒன்று கூடுதலாக வைப்பாள். அன்பை வாயால் சொல்லத் தெரியாத மனுஷி. ரொட்டியில்தான் காட்டினாள்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அது எங்கள் எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. மாமா ஆடி மாதத்துக் கதிர்காமத் திருவிழாவுக்குப் போவார். போகும்போது நடக்கத் தெம்பில்லாமல் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு போவார். திருவிழா முடியும்வரை அங்கேயே மடத்தில் தங்கி, அன்னதானச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது கன்னத்தில் சதை வைத்திருக்கும். வயிறு சொன்னபடி கேட்கும். மலை ஏறும்போது அடுத்தவர் மூட்டையையும் சேர்த்துத் தூக்கி வருவார். முருகன் சுகம் கொடுத்துவிட்டான் என்று பெரியாயி அக்கா தேங்காய் உடைப்பாள். அன்றைக்கே அடுப்பு மூட்டி, வந்த மனுஷனுக்குச் சுடச்சுட ரொட்டி சுட்டுப் போடுவாள். கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

சாமி அங்கே கொடுத்துவிட்டு இங்கே ஏன் பிடுங்குகிறான் என்று யோசித்து யோசித்து, பரம்பரையில் யாரோ நேர்ந்துவிட்டுச் செலுத்தாமல் விட்ட நேர்த்தி இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். எந்த நேர்த்தி என்று தெரியாமல் எல்லாவற்றையும் செலுத்தினார்கள். காவடி எடுத்தார்கள், சேவல் விட்டார்கள், தினேஸுக்கு மூன்று தடவை மொட்டை போட்டார்கள். தினேஸ் தனத்தின் தம்பி. படித்தவள் என்று பெயர் எடுத்த நானும் அதை நம்பினேன். பிரசாதம் வாங்கித் தின்றேன்.

தொண்ணூற்றிரண்டில் மாமா போனார். கடைசி மாதத்தில் வேறெதுவும் தங்காது என்று தனம்தான் ரொட்டியைப் பிய்த்துத் தேயிலைத் தண்ணியில் ஊறவைத்து, குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினாள். மகள் கையால் சாப்பிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று ஊரே அவளை மெச்சியது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தன் வயிறே எதிரியாகிவிட்டது. காலையில் எழுந்ததும் வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். பசியில் இரைந்தாலும் பயம், ஏப்பம் வந்தாலும் பயம். மலையில் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, வந்துருச்சு போல இருக்கு என்று முகம் வெளுத்து நிற்பாளாம். ஒரு வாரத்துக்கு வெறும் ரொட்டியில் பத்தியம் கிடப்பாள். ஒன்றும் இருக்காது. நான் கேலி செய்வேன். "நீ பயந்து பயந்தே அதை வெத்தலை வச்சு அழைச்சிருவ போல இருக்கே" என்பேன். சிரிப்பாள். கை மட்டும் வயிற்றை விட்டு எடுபடாது.

என் தம்பி செல்லமுத்து ரயில்பாதையில் வேலை செய்தான். தனத்தின் மேல் அவனுக்கு ஆசை. அவளுக்கும் அவன் மேல் இல்லாமல் இல்லை. அவன் வேலை விட்டு லயத்துப் பக்கமாக வருகிற நேரம் பார்த்துத்தான் அவளுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு வீட்டிலும் பேசினோம். பெரியாயி அக்காவுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. தட்டு மாற்ற நாள் பார்த்த பிறகு தனம் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டாள்.

"டீச்சரு, தம்பிய வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் தம்பிக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"அவருக்கு என்னங்க கொறை. கொறை என் வயித்துல இருக்கு. எனக்கு வந்தா நான் பொறுத்துக்குவேன். நான் பெத்தது வயித்தப் பிடிச்சிக்கிட்டு அழுதா அத யாரு பாக்குறது? எங்க அப்பாவப் பாத்த கண்ணு இது. இன்னொருக்கா பாக்க முடியாது."

என்னென்னவோ சொன்னேன், திட்டினேன், கெஞ்சினேன். செல்லமுத்துவே வந்து, வந்தால் வரட்டும், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதாள். ஒரு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு அவன் கொஸ்லந்தவில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டான். நான் அவளோடு வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தனம் பிறகு பிள்ளைக்காம்பராவுக்கு வேலைக்குப் போனாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அவள் மடியில் தூங்கி வளர்ந்தவர்கள். பெண் கேட்டு வந்த மற்றவர்களையும் அவள் அண்ட விடவில்லை. தலையில் நரை விழுந்தது. அந்த வயிற்று நோய் மட்டும் வரவே இல்லை. இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும் என்று வாசலைப் பார்த்தே இருந்தாள்.

அது தினேஸின் வீட்டில் வந்து நின்றது. அவனுடைய மகள் நிரஞ்சலாவுக்கு நாலு வயது. கையும் காலும் குச்சி, வயிறு பானை. மாமாவைச் சின்னதாகச் செய்து வைத்தது போல இருந்தது பிள்ளை. பெரியாயி அக்கா பேத்தியைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இது 2004-இல். தினேஸும் தனமும் பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

அங்கே டாக்டர் கேசினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயது. பிள்ளை என்ன சாப்பிடும் என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு கண்டிக்கு அனுப்பி, வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வைத்தார். முடிவு வந்த நாளில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"கோதம்பமா இந்தப் பிள்ளையின்ர குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. ரொட்டி, பாண், பிஸ்கட் ஒண்டும் குடுக்கக் கூடாது. சோறு குடுங்கோ, அரிசிமாவில பிட்டு அவிச்சுக் குடுங்கோ. பிள்ளை நல்லா வரும்."

தினேஸ் மருந்து என்ன என்று கேட்டான். மருந்து தேவையில்லை, அந்த மாவைச் சாகும்வரை தொடாமல் விட்டால் போதும் என்றார்.

தனம் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஊதிய வயிறு, மெலிந்த கால், அத்தை, தாத்தா, கதிர்காமம் எல்லாம் சொன்னாள். கதிர்காமத்தில் அவர் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அன்னதானச் சோறு என்று தனம் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டாள். அந்த அறையில் அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தான் பார்க்காத நோயாளியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் இழுத்தார். ஆனால் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார்.

தனம் எழும்பவில்லை. "இது இருக்கவங்க கல்யாணம் கட்டிக்கலாங்களா? பிள்ளை பெத்துக்கலாங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் நிரஞ்சலாவைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தார். "ஏன் பெறக் கூடாது?" என்று சிரித்தார். "சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் ஒரு குறையும் இல்லை."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். என் தம்பியின் முகம் வந்து நின்றது.

குடும்பத்தில் மற்றவர்களுக்கும் சோதிக்க வேண்டும் என்று எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தினேஸுக்கு இலேசாக இருந்தது. தனத்துக்கு இல்லை. அந்த நோயின் நிழல்கூட அவளிடம் இல்லையாம். இவ்வளவு காலம் ரொட்டி தின்றும் வராததால் இனி வருவது அபூர்வம், பயப்படத் தேவையில்லை என்றார் டாக்டர். சந்தோஷமான செய்தி என்றுதான் சொன்னார். தனம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஹாலிஎலவைத் தாண்டியது. பிறகு, "அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா டீச்சரு?" என்று கேட்டாள், எதையோ பறிகொடுத்தவள் மாதிரி. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அரிசிச் சோற்றில் நிரஞ்சலா மளமளவென்று தேறியது. மழை முடிவதற்குள் லயத்து வாசலில் ஓடி விளையாடத் தொடங்கிவிட்டது. அடுத்த தீபாவளி வந்தது.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முதல்நாள் பொழுது சாய, செத்தவர்களுக்குப் படைப்போம். அவரவருக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதை வைத்துக் கும்பிடுவோம். கந்தப்பன் மாமாவுக்கு வருஷம் தவறாமல் பெரியாயி அக்கா மெல்லிய ரொட்டியும் கட்டச் சம்பலும் வைப்பாள். அந்த வருஷமும் சுட்டாள். பேத்தி சாப்பிடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். செத்தவருக்கு என்ன வந்தது என்று நினைத்தாளோ, பழக்கத்தில் கை போனதோ தெரியாது. நான் கும்பிடப் போனபோது இலையில் ரொட்டி அடுக்கியிருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்தது.

தனம் சோற்றுப் பானையோடு வந்து இலையைப் பார்த்தாள்.

"அம்மா, அத எடுத்துரும்மா."

"அவருக்குப் பிடிச்சதாச்சேடி."

"பிடிச்சதுதாம்மா. அதான் கொன்னுச்சு."

பெரியாயி அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அந்தக் கையில் மா இன்னும் ஒட்டியிருந்தது. சத்தம் போட்டு அழவில்லை. சேலையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். தனம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நானுந்தானேம்மா ஊட்டுனேன் என்றாள்.

பிறகு ரொட்டிகளை எடுத்துவிட்டு இலை நிறையச் சோறு போட்டாள். பருப்பு ஊற்றி, நெய் விட்டு, சூடம் கொளுத்தினாள். "சாப்புடுங்கப்பா. இது ஒண்ணும் செய்யாது" என்றாள். தினேஸ் வெளியே போய் நின்றுகொண்டான்.

எல்லோரும் கும்பிட்டு முடித்ததும் நிரஞ்சலாவுக்குப் படையல் சோற்றை ஊட்டிவிட்டு, தனம் அந்த ரொட்டித் தட்டோடு வாசற்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே தெமோதரையில் ரயில் கூவியது. கொஸ்லந்தவிலிருந்து தம்பி குடும்பம் மறுநாள் என் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். அதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும்.

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. அதோடு சேர்த்தே மென்றாள்.

"எனக்கு இது ஒண்ணும் செய்யாதாம் டீச்சரு" என்றாள்.

ஒரு துண்டை எனக்கும் நீட்டினாள். வாங்கித் தின்றேன். பெரியாயி அக்கா சுட்டது, நன்றாகத்தான் இருந்தது.